ஓட்டங்குளத்துக்கு மேலே நின்ற பலகை

சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓட்டங்குளம் கடைவீதியில் தன் பெயரிலேயே ஒரு சின்ன டி.டி.பி. கடை வைத்திருக்கும் ஜெபக்கனி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றுக்கு எழுத்து அடித்துக்கொண்டிருந்தாள். செத்தவரின் பேரன் பேத்திகள் பெயர் வரவேண்டிய இடத்தில் வழக்கம்போல கணினியின் அந்தப் புதுப்பிப்பு அறிவிப்புப் பெட்டி வந்து உட்கார்ந்தது. "சனியனே, கொஞ்சம் வெளிய போய் நில்லேன்" என்றாள். அது வெளியே போய் நின்றது.

கடைவாசலில் நிற்கவில்லை. ஊருக்கு மேலே, பருந்துகள் வட்டமிடும் உயரத்துக்கும் கொஞ்சம் மேலே, நான்கு தெரு அகலத்துக்கு விரிந்து, படுக்கவைத்த பெரிய கதவு மாதிரி அசையாமல் நின்றது. நீல நிறம். "உங்கள் கணினியின் புதிய பதிப்பு தயார்" என்று பெரிய வெள்ளை எழுத்திலும், "கணினி நின்றால் புதுப்பிப்பு தானாகத் தொடங்கும்" என்று சின்ன வெள்ளை எழுத்திலும் அதில் எழுதியிருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்: ஒன்றில் "இப்போதே", மற்றதில் "சற்றுப் பிறகு". திரையில் இத்தனை மாதமாக என்ன எழுதியிருந்ததோ அதுவேதான், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. திரையில் இப்போது அந்தப் பெட்டி இருந்த இடத்தில் வெறும் வெள்ளைச் சட்டம் மட்டும் மிச்சமிருந்தது.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் தாகிர் பாய்தான் முதலில் பார்த்தார்.

"கனிம்மா, உன் கம்ப்யூட்டர்ல வர்றது மேல நிக்குது."

"தெரியும் பாய். நாந்தான் போகச் சொன்னேன்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, பாய் உள்ளே கிடந்த பெஞ்சுகளை எடுத்து வந்து நடுத்தெருவில், பலகையின் நிழலில் போட்டார். அந்த ஊரின் சித்திரை வெயிலில் நடுத்தெருவில் பெஞ்சு போட்ட முதல் ஆள் அவர்தான்.

ஜெபக்கனி ஏன் அந்தப் பொத்தானை அமுக்காமல் இருந்தாள் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். அவளிடம் மூன்று வகை எழுத்துகள் இருந்தன: சாவுக்குத் தடித்த எழுத்து, கல்யாணத்துக்குச் சுருள் எழுத்து, சடங்குக்கும் கடைதிறப்புக்கும் சாய்வெழுத்து. விற்ற கம்பெனி எப்போதோ மூடிப்போயிருந்தது. அவளுடைய பழைய மெஷினில் மட்டும் அவை ஓடின. ஓட்டங்குளத்துக்காரன் பஸ்ஸில் வந்து இறங்கும் முன்பே, ஓடுகிற பஸ்ஸின் சன்னல் வழியாகச் சுவரைப் பார்த்து, பெயரைப் படிக்காமலே, எழுத்தின் பருமனை மட்டும் வைத்து, இறங்கியதும் முகத்தைத் தொங்கவிடவேண்டுமா சிரிக்கவேண்டுமா என்று முடிவு செய்துகொள்வான். பக்கத்து டவுனில் ஒரு கடைக்காரர் தெரியாத்தனமாக "இப்போதே" என்பதை அமுக்கப்போய், அவரிடமிருந்த எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறி, ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் ஆறு கட்டமாகவும் பெண் பெயர் நாலு கட்டமாகவும் வந்துவிட்டது. அந்தத் தம்பதியை இன்றைக்கும் ஆறுகட்டம், நாலுகட்டம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தனக்கு அப்படி ஒரு நாள் வந்தால் கடையைப் பூட்டிவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கத்தான் போகவேண்டும் என்பது ஜெபக்கனியின் பயம். ஆகவே அவள் தினமும் "சற்றுப் பிறகு" என்பதையே அமுக்கி வந்தாள். இப்போது அமுக்குவதற்கு அந்தப் பொத்தான் திரையில் இல்லை, வானத்தில் இருந்தது. மெஷின் நிற்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் அவள் கையில் மிச்சம்.

அன்றிலிருந்து அவள் மெஷினை அணைக்கவில்லை; அதன் பக்கத்தை விட்டும் போகவில்லை. சாப்பாடு கடைக்கே வந்தது, பாயும் தலையணையும் மேசைக்கடியில் வந்தன. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக்கூடப் போகவில்லை. பாதிரியார் மாலையில் அந்தப் பக்கம் வந்து, வாசலில் நின்றே ஜெபித்துவிட்டு, நிழலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

ஊர் பலகைக்குப் பழகிய விதத்தைச் சொல்லவேண்டும். முதலில் பழகியவை ஆடுகள். மேய்ச்சலுக்குப் போகும் வழியில் நிழல் விழுந்த இடத்தில் அப்படியே படுத்துவிட்டன. அவற்றை எழுப்ப வந்தவர்களும் படுத்துவிட்டார்கள். பலகையின் வெள்ளை எழுத்துகள் வழியாக மட்டும் வெயில் இறங்கியதால், நிழலுக்கு நடுவே எழுத்துகள் வெயிலாகத் தரையில் கிடந்தன. கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறிக் கிடந்ததால் மற்றவர்கள் தடுமாறினார்கள். அச்சுக்கு அனுப்பத் தினமும் எழுத்தைத் திருப்பிப்போட்டுத் தாளில் எடுக்கும் ஜெபக்கனி மட்டும் வாசலிலிருந்தே கடகடவென்று படித்தாள். எந்த வெயில் எந்தப் பொத்தான் என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. அன்று முதல் "இப்போதே" என்ற வெயில் விழும் இடத்தில் யாரும் கால் வைப்பதில்லை. மிதித்தால் மேலே அமுங்கிவிட்டால் என்ன செய்வது? சைக்கிள்கள் வளைந்து போயின, மினி பஸ் ஒதுங்கிப் போனது, காலையில் வாசல் தெளிக்கிற பெண்கள் அதைச் சுற்றிக் கோலம் போட்டு, உள்ளே ஒரு துளித் தண்ணீர்கூடச் சிந்தாமல் பார்த்துக்கொண்டார்கள். "சற்றுப் பிறகு" விழுந்த இடத்தில் எந்நேரமும் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த ஒரு மாமனார், "இதுக்கு ஏன் இப்படிச் சுத்திப் போறீக?" என்று கேட்டு நேராக மிதித்து நடந்தார். ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் அவரை மறுபடி விருந்துக்குக் கூப்பிடவில்லை.

பலகை இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் கதை இவ்வளவுதான். ஆனால் ஒரு நாள் ஜெபக்கனி திரையில் இருந்த வெள்ளைச் சட்டத்தை மவுசால் பிடித்து ஓரமாக இழுத்தாள். வெளியே ஆடுகள் எழுந்து ஓடின. கடைவீதியில் இருந்த நிழல் பள்ளிக்கூடத்தின் மேல் போய் நின்றது. கூட்டிப் பெருக்க மெஷின் வைத்திருந்த மேசையை ஓரடி நகர்த்தினால், பலகையும் கூடவே ஓரடி நகர்ந்தது. ஊருக்கு நிழல் போடுகிற வேலை தன் கையில் இருப்பது அவளுக்கும் ஊருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. ஐந்து நிமிஷத்தில் கடைவாசலில் சண்டை.

"யக்கா, நூறு நாள் வேலைக்காரங்க மம்பட்டியோட நிக்கோம், இங்கிட்டு இழு."

"ஏ, வண்டிமாடெல்லாம் நுரை தள்ளுது, முதல்ல பஸ் ஸ்டாண்டுக்குப் போடு."

எல்லாருடைய சத்தத்துக்கும் மேலே வேலுத்தாயியின் சத்தம். வேலுத்தாயி ஊருக்கு மேற்கே களத்தில் வத்தல் காயப்போடுகிறவள், டிராக்டர் வைத்திருப்பவள், ஜெபக்கனியைவிடப் பத்து வயது மூத்தவள்.

"எங் களத்துப் பக்கம் அந்த நீலச் சனியன் வந்துச்சுன்னா, ஏ கனி, உன் மெஷின்ல மிளகாய்ப்பொடியக் கரைச்சு ஊத்திருவேன். வத்தல் காயணும்னு நான் சூரியனக் கும்பிடுறேன், நீ அவனுக்குக் கதவச் சாத்துற!"

"மதினி, நானா சாத்துறேன்? அதுவா போய் நிக்குது."

"வெளிய போன்னு நீதான சொன்ன? உள்ள வான்னு சொல்லிப் பாரேன்."

"சொல்லிட்டேன் மதினி. வரமாட்டேங்குது. வெளிக்காத்து பிடிச்சுப்போச்சு போல."

அப்போதுதான் பொன்னுமாடன் வந்தார். அவர் குளத்துக்கு நீர்ப்பாய்ச்சி. எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்து விடுகிற ஆள். குளத்தில் தண்ணீர் நின்று வருஷங்கள் ஆகியிருந்ததால் முறையும் இல்லை, அவரைக் கேட்டுச் செய்கிறவர்களும் இல்லை. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, திரையைப் பார்த்து, சட்டத்தைப் பார்த்து, வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"தண்ணிக்கு என்ன முறையோ அதான் நிழலுக்கும். தலைமடைக்காரன் முதல்ல, கடைமடைக்காரன் கடைசில. இந்த வருஷம் தலைமடை பள்ளிக்கூடம். வேண்டாம்ங்கிறவன் பங்க அடுத்தவன் எடுத்துக்கிடலாம். வேலுத்தாயி களம் முறையிலயே வராது. சம்மதமா?"

தண்ணீருக்கே கட்டுப்பட்ட ஊர் நிழலுக்குக் கட்டுப்படாமல் போகுமா? மறுநாள் முதல் பொன்னுமாடன் தோளில் துண்டோடு கடைவாசலில் நின்று, "பள்ளிக்கூடத்த அடைச்சு, ஸ்டாண்டுக்குத் திற" என்று குரல் கொடுக்க, உள்ளே ஜெபக்கனி சட்டத்தை இழுத்தாள். நிழல் வயல்வெளியில் தண்ணீர் பரவுவதுபோல ஊருக்குள் நகர்ந்து நகர்ந்து போனது. முறை தப்பித் தங்கள் தெருவில் நிழலை நிறுத்திவைக்கக் கடைக்கு மீன்குழம்பு கொடுத்தனுப்பியவர்கள் உண்டு. ஜெபக்கனி குழம்பைச் சாப்பிட்டாள், நிழலை நிறுத்தவில்லை. திரையில் சட்டம் நிற்கும் இடத்தில் எழுத்து ஏறாது. ஆகவே அந்தக் கோடையில் அச்சான பத்திரிகைகளில் ஒரு ஓரம் காலியாகவே இருந்தது. எந்த ஓரம் காலி என்று பார்த்து, இது பள்ளிக்கூடத்து முறையில் அடித்தது, இது ஸ்டாண்டு முறையில் அடித்தது என்று சொன்னார்கள். ஒரு தாய்மாமன் பெயர் அந்தக் காலி ஓரத்தில் போய்விட, அவர் கோபித்துக்கொண்டு சீர் கொண்டுவரமாட்டேன் என்றார். பொன்னுமாடன் நேரில் போய், "உம்ம பேரு நிழலுக்குப் போயிருக்கு மாப்ள, ஊருக்குத்தான போயிருக்கு" என்று சொல்லி அழைத்து வந்தார்.

வைகாசியில் மின்வாரியத்தின் வருடாந்திரப் பராமரிப்பு வந்தது. காலையிலிருந்து மாலைவரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். ஜெபக்கனி அதைப் படித்ததும் வாசலுக்கு வந்து தாகிர் பாயிடம் பேப்பரை நீட்டினாள். அவளுடைய யு.பி.எஸ். ஒரு டீ குடிக்கும் நேரம்தான் தாங்கும்.

"நின்னுச்சுன்னா அதுவே ஆரம்பிச்சிரும் பாய். எழுத்தெல்லாம் போயிரும்."

"அழாத. மசூதி இன்வெர்ட்டர் இருக்கு."

மசூதி இன்வெர்ட்டர் வந்தது. கோவில் இன்வெர்ட்டரும் வந்தது. பாதிரியார் தேவாலயத்து இன்வெர்ட்டரைத் தானே தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வந்தார். ஆட்டோ பேட்டரி, லாரி பேட்டரி, ரேடியோ செட்டுக்காரர் பேட்டரி என்று கடையிலிருந்து கடைவீதி முக்குவரை வரிசையாக நின்றன. எது முதலில், எது பிறகு என்று பொன்னுமாடன் முறை பிரித்தார். ஒரு பேட்டரி இறங்க இன்னொன்றை மாட்டும் இடைவெளியில் யு.பி.எஸ். கீ கீ என்று கத்தும். அது கத்துகிற ஒவ்வொரு தடவையும் வானத்தில் பலகை நடுங்கும், "இப்போதே" மட்டும் பளிச்சென்று எரியும். ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொள்ளும். வயர் மாட்டியதும் பலகை அடங்கும். பெரிய பெருமூச்சு ஒன்று கடைவீதி வழியே காற்றாகப் போகும்.

சாயங்காலம் ஆகும் முன்பே பேட்டரிகள் தீர்ந்துவிட்டன. கடைசி பேட்டரியும் இறங்கி, யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. மாற்ற ஒன்றுமில்லை. ஜெபக்கனி திரைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள், அடிக்க வருகிறவர்களிடமிருந்து பிள்ளையை மறைப்பதுபோல. அந்த நேரம் மேற்கேயிருந்து டிராக்டர் சத்தம். வேலுத்தாயி ஓட்டிவந்து, கடைவாசலில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமலே இறங்கினாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கீக? வயர மாட்டுங்க."

"மதினி, நீங்களா?"

"நானேதான். ஆவணியில எம் மகளுக்குக் கல்யாணம். கட்டம் கட்டமா பத்திரிகை குடுத்தா எவ வருவா? கட்டத்தப் பாத்துட்டு ஜாதகம்னுல்ல நினைப்பாளுக! சுருள் எழுத்துலதான் அடிக்கணும், சொல்லிட்டேன். நிழலப் பத்தின சண்டை அப்படியே இருக்கு, அது வேற."

கரண்ட் வரும்வரை டிராக்டர் உறுமிக்கொண்டே இருந்தது. ஆவணியில் கல்யாணப் பத்திரிகை சுருள் எழுத்தில் வந்தது. சண்டை அப்படியே இருந்தது.

ஐப்பசியில் மழை வந்தது. மழை என்றால் தெருவுக்கு ஓடிவந்து நனைகிற ஊர் ஓட்டங்குளம்; அன்றும் ஓடிவந்தார்கள். ஆனால் நாலு தெருவில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. மேலே பலகை மழையை வாங்கி ஓரமாக வடித்துக்கொண்டிருந்தது. எந்தத் தெருவின் மேல் அது நின்றதோ அந்தத் தெருக்காரர்கள் கொதித்தார்கள். இதுவரை நிழலுக்குச் சண்டை போட்டவர்கள் இப்போது அதைத் தள்ளச் சண்டை போட்டார்கள்.

"எங்களுக்கு வேண்டாம், அவுகளுக்குக் குடுங்க. கோடையில ரொம்ப ஆசைப்பட்டாகள்ல!"

பள்ளிக்கூடத்துக்கு மேலே வைத்தால் பிள்ளைகள் நனைய முடியவில்லை என்று அழுதார்கள். ஸ்டாண்டுக்கு மேலே வைத்தால், பஸ் கழுவ மழை வேண்டும் என்றார் டிரைவர். சரி, ஊருக்கு வெளியே சுடுகாட்டில் வைக்கலாம் என்றால், "எங்கய்யா வெயில்லயே செத்தாரு, அவரும் கொஞ்சம் நனையட்டுமே" என்று ஒருவர் வந்து நின்றார். வேலுத்தாயிகூட, இந்த முறை வத்தல் களத்துக்குத் தரலாமா என்று கேட்டதற்கு, "களம் கழுவணும், போ" என்று சொல்லிவிட்டாள். எங்கே தள்ளினாலும், குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைக் கொஞ்சம் மறைத்தது. பொன்னுமாடன் வரத்துக்காலில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, ஒரு கிளையில் தண்ணீர் வருவதையும், பலகைக்குக் கீழே இருந்த கிளை வாய்க்கால் காய்ந்து கிடப்பதையும் பார்த்தார். கடைவாசலில் ஈரத்துண்டோடு வந்து நின்றார், அவ்வளவுதான்.

ஜெபக்கனி அவரைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து தடித்த எழுத்தில் ஒரு வரி, சுருள் எழுத்தில் ஒரு வரி, சாய்வெழுத்தில் ஒரு வரி அடித்து அழகு பார்த்தாள்.

"குளம் நிறையட்டும் மாமா. நிறுத்திருறேன். தானா தொடங்கட்டும், பலகையும் போயிரும்."

அவள் சுவிட்சை நோக்கிக் கை நீட்டியதும், வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் "ஏய்!" என்று கத்தினார்கள்.

"நீ அணைச்சிட்டேன்னா நாளைக்கு நான் செத்தா எவன் எழுதுவான்?" என்றார் தாகிர் பாய். "கட்டங்கட்டமாவா அழுவாங்க?"

"அப்ப எங்கதான் வைக்க?"

இதற்குப் பதில் வாசலில் குடையோடு நின்றவளிடமிருந்து வந்தது. அவள் கடற்கரை உப்பளத்திலிருந்து தன் கொழுந்தனுக்கு அஞ்சலி போஸ்டர் அடிக்க பஸ் ஏறி வந்தவள், சவேரியம்மாள். இவ்வளவு நேரமும் சண்டையை ரசித்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்குக் குடுங்களேன். கோடை முழுக்கச் செரட்டிக் குவிச்ச உப்பு அம்பாரம் அம்பாரமா வெளிய கிடக்கு. எவ்வளவு ஓலை போட்டு மூடினாலும் மழையில கரையுது. கரைஞ்சா எங்க பாடெல்லாம் கடலுக்குத்தான். உங்களுக்கு ஆகாத கூரை எங்களுக்கு ஆகும்."

கடைவீதியில் நின்றவர்கள் முதலில் அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

திரையின் ஓரத்துக்கு மேல் சட்டத்தை இழுக்க முடியாது. அதனால் மெஷினே போகவேண்டியதாயிற்று. வேலுத்தாயியின் டிராக்டர் பெட்டியில் மெத்தை விரித்து, அதன் மேல் மேசை, மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின், பக்கத்தில் மூன்று மதத்து இன்வெர்ட்டர்கள், நடுவில் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜெபக்கனி. சவேரியம்மாள் முன்னால் ஏறி வழி சொன்னாள். டிராக்டர் புறப்பட்டதும் பலகையும் புறப்பட்டது. ஊருக்கு மேலே நீலம் நகர நகர, அதன் பின் ஓரத்திலிருந்து மழை தெருத்தெருவாக உள்ளே நுழைந்தது. நுழைந்த தெருவிலெல்லாம் குலவைச் சத்தம் எழுந்தது. வழியனுப்ப வந்தவர்கள் எல்லையோடு நிற்கவில்லை. பலகைக்குக் கீழே நடந்தால் நனைய வேண்டியதில்லை, பலகையை விட்டு விலகினால் நனையலாம். இரண்டு வசதியும் இருந்ததால் கொட்டுக்காரர்கள் நனையாமல் அடித்தார்கள், ஆடுகிறவர்கள் நனைந்து ஆடினார்கள். வழியில் இருந்த ஊர்க்காரர்கள் வாசலுக்கு வந்து, எந்தச் சாமி என்று கேட்டார்கள். "சாமி இல்ல, அப்டேட்டு" என்று பதில் வந்தது. அதனாலென்ன என்று அவர்களும் டிராக்டருக்கு மாலை போட்டார்கள், ஒரு ஊரில் டயருக்கு எலுமிச்சம்பழம்கூட வைத்தார்கள்.

உப்பளத்தில் பலகை அம்பாரங்களுக்கு மேலே போய் நின்றது. சுற்றிலும் கடலும் மழையும் ஒரே நிறத்தில் இருக்க, நடுவில் நாலு தெரு அகலத்துக்கு உப்பு வெள்ளை வெளேரென்று காய்ந்து நின்றது. அளத்துக் காவல்கொட்டகையில் கரண்ட் இருந்தது, ஜெனரேட்டரும் இருந்தது. மெஷினுக்கு அங்கே இடம் ஒதுக்கினார்கள். உப்பளத்துப் பெண்கள் கூட்டமாக வந்து திரையைப் பார்த்தார்கள், அண்ணாந்து பலகையைப் பார்த்தார்கள்.

அப்போது, குளத்தைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே நின்றுவிட்ட பொன்னுமாடனிடமிருந்து போன் வந்தது. காதில் வைத்த தாகிர் பாய் போனை எல்லாருக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தார். அதில் பேச்சு இல்லை, தண்ணீர் விழும் சத்தம் மட்டும். குளம் நிறைந்து மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. ஓட்டங்குளத்துக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் பலகையின் நிழலை விட்டு மழைக்குள் ஓடினார்கள். வேலுத்தாயி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஓடினாள்.

ஜெபக்கனியும் எழுந்தாள். சித்திரைக்குப் பிறகு அந்த நாற்காலியை விட்டு நாலடிக்கு மேல் அவள் போனதில்லை.

"யக்கா, நீ போயிட்டா?" என்றாள் சவேரியம்மாள், பயந்துபோய். "இப்போதேன்னு ஒண்ணு இருக்கு, சற்றுப் பிறகுன்னு ஒண்ணு இருக்கு. யாராவது வந்து கேட்டா நாங்க எத அமுக்க?"

"ஒண்ணையும் அமுக்க வேண்டாம். அதுக்குக் கீழ உக்காந்துக்கோங்க, போதும்" என்று சொல்லிவிட்டு ஜெபக்கனி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மழைக்குள் ஓடினாள்.